பதினெட்டு விநாடிப் பிரயாணம்

ஒரு பிரயாணத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? முன்னோர்களின் காசி யாத்திரை என்றால் மாதக் கணக்கு. மதுரைக்கு ரயில் ஏறினால் ஓர் இரவு. மயிலாப்பூரிலிருந்து பாரிமுனைக்குப் பஸ்ஸில் போவதென்றால், அது பஸ் வருவதைப் பொறுத்தது!

ஆனால் பதினெட்டே விநாடியில் முடிந்துவிடும் பிரயாணம் ஒன்று இருக்கிறது. தூரம் 500 மீட்டர். வண்டி, ஒரு பலகை. குதிரை, காற்று. இந்தப் பதினெட்டு விநாடிக்காக ஐரோப்பாவிலிருந்தும் மற்றத் தேசங்களிலிருந்தும் ஆண்களும் பெண்களும் நீள நீளமான மூட்டைகளைக் கட்டிக்கொண்டு, விமானம் ஏறி, பாலைவனத்தைக் கடந்து, ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கோடிக்குப் போகிறார்கள். போனதும் காற்றுக்காக நாள் கணக்கில், வாரக் கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள்.

வாருங்கள், இந்த வாரம் நாமும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே அடிக்கும் காற்று அப்படிப்பட்டது.

மணல் ஆளும் ஊர்

நமீபியா என்ற தேசத்தில் கீட்மன்ஷூப் என்று ஓர் ஊர். அங்கிருந்து மேற்கே திரும்பி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் கடல் வரும். வழியில் பார்ப்பதற்கு அதிகமாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒன்றுமில்லாமையே ஒரு காட்சிதான். மரமில்லை, வயலில்லை, கிராமமில்லை. ஆவுஸ் என்ற சிற்றூரைத் தாண்டியதும் பாலைவனத்தில் காட்டுக் குதிரைகள் நிற்கும். முதல் உலக யுத்த காலத்துக் குதிரைகளின் சந்ததி என்று சொல்கிறார்கள். பிறகு சாலை ஓரத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை. "பள்ளிக்கூடம்" என்றோ "வளைவு" என்றோ அல்ல. "மணல்" என்று எழுதியிருக்கும். காற்று அடிக்கிற அடியில் மணல்மேடு நகர்ந்து வந்து சாலையில் ஏறி உட்கார்ந்துவிடுமாம்!

சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது லூடரிட்ஸ். பாறைமேல் ஒரு தேவாலயம். ஜெர்மானியர் ஆண்ட நாளில், 1912-ஆம் ஆண்டு எழும்பியது. சுற்றிலும் மஞ்சளும் நீலமுமாக ஜெர்மன் பாணி வீடுகள். ஒரு பக்கம் சமுத்திரம், மறு பக்கம் பாலைவனம். ஐரோப்பாவில் இருந்த ஊர் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்தவர்கள் வழி தவறி இங்கே இறக்கி வைத்துவிட்டார்களோ என்று தோன்றும். போர்ச்சுக்கீசிய மாலுமி பார்த்தலோமியோ டயஸ் 1488-இல் இங்கே ஒரு கல் சிலுவையை நட்டுவிட்டுப் போனார்.

இந்த ஊருக்கு வாழ்வு வந்தது மணலிலிருந்துதான். 1908-இல் ரயில் பாதையில் குவியும் மணலை வாரித் தள்ளிக்கொண்டிருந்த ஸக்கரையாஸ் லெவாலா என்ற தொழிலாளி, மண்வாரியில் மினுக்கிய ஒரு கல்லை எடுத்துத் தம் மேலதிகாரியிடம் கொடுத்தார். அது வைரம்! அப்புறம் கேட்க வேண்டுமா? பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் கோல்மன்ஸ்கோப் என்ற ஊர் முளைத்தது. நடன மண்டபம், ஆஸ்பத்திரி, பனிக்கட்டித் தொழிற்சாலை எல்லாம் வந்தன. வைரம் தீர்ந்தது, ஜனங்கள் கிளம்பினார்கள். 1956-க்குள் ஊரே காலி. காலியான வீடுகளில் குடியேறியது யார் தெரியுமா? மணல். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்: கதவு திறந்தபடி இருக்கிறது, கூடத்தில் இடுப்பளவு மணல், சுவரில் வர்ணம் மட்டும் அன்று பூசியதுபோல.

ஓர் ஊரையே விழுங்கிய அந்தக் காற்றைத் தேடித்தான் நம் பதினெட்டு விநாடிப் பிரயாணிகள் வருகிறார்கள்.

காற்று ஏன் இங்கே இப்படி அடிக்கிறது? அடுப்பங்கரையில் நிற்பவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். தெற்கே அண்டார்டிகா திசையிலிருந்து வரும் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் கரையை உரசிக்கொண்டு போகிறது. கரையின்மேல் நமீபு பாலைவனம், வெயிலில் காய்ந்த இரும்புக் கல்போலத் தகிக்கிறது. சுட்ட மண்ணின் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த கடற்காற்று ஓடி வருகிறது. கரையோரமாகவே தெற்கிலிருந்து வடக்கே சீறிக்கொண்டு வரும் இந்தக் காற்று, நல்ல நாளில் மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குப் போய்விடும். அதை நல்ல நாள் என்று சொல்பவர்கள் இவர்கள் மட்டும்தான். ஊர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

சமுத்திரத்தை விட்டு வாய்க்காலுக்கு

கடல் இருக்கிறது, காற்று இருக்கிறது. பலகையைப் போட்டு ஏறிவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். காற்று இருக்கிற இடத்தில் அலை இருக்கும். அலைமேல் வேகமாகப் போவது, கருங்கல் ஜல்லி கொட்டிய ரோட்டில் சைக்கிள் விடுவதைப் போன்றது. வேகத்துக்கு வேண்டியது புயற்காற்று. ஆனால் அதன் கீழே வேண்டியது தட்டில் ஊற்றிய பால்போல அசையாத தண்ணீர். இயற்கையில் இரண்டும் ஒன்றாக அகப்படுவதில்லை.

ஆகையால் மனிதர்களே அதைச் செய்துகொண்டார்கள். ஊருக்குத் தெற்கே வடிநிலம் ஒன்று. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் அந்த மணல் சமவெளியில் ஒரு வாய்க்காலைத் தோண்டினார்கள். நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அகலமோ சில மீட்டர்தான். காற்று கரையைத் தாண்டித் தண்ணீரில் இறங்கியதும் சில மீட்டரிலேயே எதிர்க்கரை வந்துவிடுகிறது. அலை எழும்ப இடமேது? 2007-இல் இங்கே வேகப் பந்தயம் துவங்கியது. முதலில் வந்தவர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீரில் ஓடுபவர்கள். பிறகு பாய்ப்பலகைக்காரர்களும் வந்தார்கள். அலையும் மணலும் சேர்ந்து வாய்க்காலைத் தூர்த்துவிடுவதால், மறுபடி மறுபடி தோண்ட வேண்டியிருந்தது. அந்த நாளில் வைரத்துக்காக மணலைத் தோண்டிய ஊரில், இந்த நாளில் வேகத்துக்காகத் தோண்டுகிறார்கள்!

வாய்க்காலைக் காற்று போகும் திசையிலேயே வெட்டவில்லை, குறுக்காகவும் வெட்டவில்லை. காற்று ஓட்டுபவரின் முதுகுப் பக்கமாகக் கோணலாக வரும்படி, மூலைவாட்டமாக வெட்டினார்கள். காரணம் இருக்கிறது. காற்று நேரே பின்னாலிருந்து தள்ளினால், அது எவ்வளவு வேகமோ அதற்கு மேல் உங்களால் போக முடியாது. காற்றோடு காற்றாகப் போய்விட்டால் உங்களைத் தள்ள யார் மிச்சம்? மூலைவாட்டமாகப் போனால் சங்கதி வேறு. பறவையின் சிறகைப்போலப் பாய் வேலை செய்யும். நீங்கள் ஓடுவதால் எதிரே உண்டாகும் காற்றும் நிஜக் காற்றும் கூடிப் புதிதாக ஒரு காற்று பிறக்கும். இப்படிப் போகிறவர் நிஜக் காற்றையே மிஞ்சிவிடலாம்.

புடவை அளவு பாய்

பாய்ப்பலகையை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் நியூமன் டார்பி என்பவர், மனைவி நவோமியோடு 1964-இல் பலகைமேல் பாய் கட்டி நதியில் ஓட்டிப் பார்த்தார். சில வருஷத்துக்குள் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் என்ற இருவர், எந்தப் பக்கமும் சாயும் ஒரு மூட்டைப் பாய்மரத்தின் அடியில் பொருத்திப் பதிவுரிமை வாங்கினார்கள். அந்த மூட்டுத்தான் பலகையின் உயிர். படகில் பாய்மரம் நிமிர்ந்து நிற்கும். இங்கே அதை நிறுத்தி வைப்பதே ஓட்டுபவரின் உடம்பு. சுக்கான் கிடையாது. பாயை முன்னே சாய்த்தால் பலகை ஒரு பக்கம் திரும்பும்; பின்னே சாய்த்தால் மறு பக்கம்.

வேகத்துக்கென்று செய்த பலகை ஊஞ்சல் பலகையைவிட ஒடுக்கம். அகலம் நாற்பது சென்டிமீட்டரும் கொஞ்சமும். பாயின் பரப்பு ஐந்து, ஐந்தரைச் சதுர மீட்டர். உங்கள் புடவை ஒன்றைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய ஆறு சதுர மீட்டர் வரும். ஆக, ஒரு புடவைக்கும் குறைவான துணி! இதை வைத்துக்கொண்டுதான் மோட்டார் கார் வேகத்தில் போகிறார்கள்.

போகிறவர்களின் ரகசியம் புஜபலம் என்று நினைத்தால் தவறு. வாய்க்கால் கரையில் அரை மணி நின்று பாருங்கள். தண்ணீரில் இருப்பவர்களைவிடக் கரையில் உட்கார்ந்து கயிற்றை ஒரு விரற்கடை இழுப்பதும், அரை விரற்கடை தளர்த்துவதுமாக இருப்பவர்கள்தான் அதிகம். கச்சேரிக்கு முன்னால் வீணையின் பிரடையைத் திருகித் திருகிச் சுருதி சேர்க்கிறார்களே, அதே காரியம்தான் இங்கேயும் நடக்கிறது.

முதலில் பாய். பாய்மரத்தின் அடியில் பாயைக் கீழே இழுத்துக் கட்டும் கயிறு ஒன்று உண்டு. அதை நன்றாக இழுக்க இழுக்க மரம் வில்லாக வளையும். பாயின் மேல் பாகத்தில் பின் விளிம்பு தொளதொளவென்று ஆகிவிடும். நீங்களும் நானும் பார்த்தால், தையற்காரர் அளவைக் கோட்டைவிட்டுவிட்டார் என்போம். ஆனால் அந்தத் தொளதொளப்பை வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள். திடீரென்று பலத்த காற்று மோதும்போது, பாயின் மேல்பகுதி தானாகவே திறந்து அதிகப்படிக் காற்றை வெளியே விட்டுவிடும். குக்கரின் மேலே வெயிட் ஆடி ஆவியை விடுகிறதே, அந்த மாதிரி. கயிற்றைப் போதிய அளவு இழுக்காவிட்டால் பாய் உச்சி வரை விறைப்பாக நிற்கும். முதல் வீச்சிலேயே ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

இன்னொரு கயிறு பாயைப் பின்பக்கமாக இழுக்கிறது. பூம் என்று சொல்லும் கைப்பிடி வளையத்தின் கோடியில் இது இருக்கிறது. அதிகம் இழுத்தால் பாய் தட்டையாகி உயிரற்றுப் போகும். குறைத்தால் வயிறு உப்பிக்கொண்டு அடங்காமல் திமிறும். ஒரு சென்டிமீட்டர் இப்படி அப்படி என்றால் ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டும் கயிறு. பாயின் இழுப்பைத் தாங்குவது கையல்ல. இடுப்பும் உடம்பின் கனமும்தான். இந்தக் கயிறு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஓடும்போது இரண்டு கையையும் ஒரு கணம் லேசாக விட்டுப் பார்ப்பார்கள். பாய் அப்படியே நின்றால் சரி. முன் கை இழுத்தால் கயிற்றைக் கொஞ்சம் முன்னே நகர்த்த வேண்டும். பின் கை இழுத்தால் பின்னே. தராசு முள்ளைப் பார்ப்பது போலத்தான்.

பாய்மரத்தின் அடியைப் பலகையில் முன்னும் பின்னும் நகர்த்த ஒரு பள்ளம் இருக்கிறது. முன்னே வைத்தால் பலகை தண்ணீரோடு ஒட்டிச் சமர்த்தாகப் போகும். ஆனால் ஈரம் அதிகம் தொடுவதால் வேகம் குறையும். பின்னே வைத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கும். ஆனால் சொன்னபடி கேட்காது. எவ்வளவு சமர்த்து, எவ்வளவு துடுக்கு என்று தீர்மானிப்பது அவரவர் தைரியம்.

கடைசியில், எல்லாவற்றிலும் சிறியது: ஃபின். பலகையின் அடியில், பின்கோடியில், மீனின் துடுப்பைப்போல நிற்கும் தகடு. ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். பாய் பலகையைப் பக்கவாட்டில் தள்ளாமல் தடுத்து, அந்தத் தள்ளலை முன்னோட்டமாக மாற்றுவது இதுதான். பெரிதாக இருந்தால் பலகையைத் தூக்கிக் கவிழ்க்கப் பார்க்கும். தண்ணீரின் பிடியும் அதிகம். சிறிதாக இருந்தால் பிடி போதாமல் பலகையின் வால் வழுக்கிவிடும். இன்னும் ஓர் ஆபத்து உண்டு. ஐம்பது நாட் வேகத்தை எட்டும்போது தகட்டின் ஒரு பக்கம் அழுத்தம் மிகவும் குறைந்து, சில்லென்ற கடல் தண்ணீர் அடுப்பே இல்லாமல் ஆவிக் குமிழியாகக் கொதிக்கத் தொடங்கும்! குமிழியைத் தகடு பிடிக்க முடியுமா? வழுக்கியது வழுக்கியதுதான். ஆகையால் ஃபினை மெல்லிய உப்புக் காகிதத்தால் தேய்த்துத் தேய்த்து, ஒரு கீறல் இல்லாமல் வைத்திருப்பார்கள். வாய்க்காலில் ஒரே திசையில்தான் ஓட்டம் என்பதால் இரு பக்கமும் வெவ்வேறு வளைவுள்ள ஃபினையும் செய்துகொள்கிறார்கள். அது போவதற்கு மட்டும் உதவும்; ஆகவே திரும்பி வருவது கரை வழியாகத்தான்.

இவ்வளவையும் சரிபார்ப்பவர்கள் ஒரு விதியை மட்டும் மீறுவதில்லை: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். கயிற்றையும் ஃபினையும் ஒரே சமயத்தில் மாற்றினால், வேகம் கூடியது எதனால் என்று எப்படித் தெரியும்? குழம்பில் உப்பையும் புளியையும் ஒரே சமயத்தில் கூட்டிவிட்டு, எதனால் ருசி மாறியது என்று விழிப்பவர்கள் நம்மில் உண்டல்லவா?

ஏறிக்கொள்ளுங்கள்!

இனி நீங்கள் ஏறிக்கொள்ளலாம். பயப்படாதீர்கள், மனத்தினால் மட்டும்தான்.

குளிருக்கு ரப்பர் உடை. தலையில் கவசம். உடம்பு லேசாக இருந்தால் எடையுள்ள ஜாக்கெட் ஒன்று. ஆமாம், இந்த ஒரு விளையாட்டில் கனமானவர்களுக்குத்தான் யோகம்! பாயின் இழுப்புக்கு எதிர்க்கனமாக நிற்பது உடம்புதானே? கனம் கூடினால் பெரிய காற்றைத் தாங்கலாம். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி முகம் சுளிக்கும் சகோதரிகள் இதைக் கேட்டுச் சற்று ஆறுதல் அடையலாம்.

வாய்க்காலின் தொடக்கத்தில் பாயைத் தூக்குகிறீர்கள். காற்று அதை வெடுக்கென்று பிடித்துக்கொள்கிறது. கொக்கியை மாட்டுகிறீர்கள். முன் கால் வாரில், பின் கால் வாரில். முதலில் காற்றுக்குக் குறுக்காக ஓடி வேகம் பிடிக்கிறீர்கள். பிறகு மெல்ல மெல்லப் பலகையின் மூக்கைக் காற்றுப் போகும் திசைப் பக்கம் திருப்புகிறீர்கள். கிணற்றில் விழுவதுபோல ஒரு வேகம் வருகிறது பாருங்கள்!

இப்போது ஒரு பலத்த வீச்சு வருகிறது. உங்கள் உடம்பு என்ன செய்யச் சொல்லும்? "நிமிர்ந்து நில், பாயைத் திற, காற்றை விட்டுவிடு" என்று சொல்லும். புதியவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். வேகம் குறையும், வேகம் குறைந்ததும் பாயின் இழுப்பு இன்னும் அதிகமாகி, கை பிய்ந்துவிடும் போல் ஆகும். கற்றவர்கள் நேர் எதிர்! பின் கையை இன்னும் உள்ளே இழுத்து, இடுப்பைத் தாழ்த்தி, முன் காலை நீட்டி, பாயின் அடி விளிம்பு பலகையைத் தொடும்படி சாய்த்து, மூக்கை இன்னும் கொஞ்சம் காற்றோடு திருப்பிவிடுவார்கள். எந்த வீச்சு ஆளைத் தள்ள வந்ததோ, அதுவே ஆளைச் சுமந்துகொண்டு போகும். கண் காலடியில் இருக்கக் கூடாது. ஐம்பது மீட்டர் முன்னால் இருக்க வேண்டும்.

இடது பக்கமோ வலது பக்கமோ, காற்று வரும் பக்கத்துக் கரை கைக்கெட்டும் தூரத்தில் பறக்கிறது. அந்தக் கரையை ஒட்டிய தண்ணீர்தான் அதிக வழவழப்பு. ஆகவே அதை விட்டு விலகவும் மனசில்லை. ஒரு முழம் தவறினால் மணல். மணிக்கு தொண்ணூறு கிலோமீட்டரில் ஈர மணல் மெத்தை அல்ல, கருங்கல். தண்ணீரில் விழுந்தாலும் அந்த வேகத்தில் அது தண்ணீராக இருப்பதில்லை. எலும்பு முறிந்து ஊர் திரும்பியவர்களும் உண்டு. கரையில் நிற்கும் மனைவியோ, தாயோ, கணவனோ, அந்தப் பதினெட்டு விநாடியும் மூச்சு விடுவதில்லை என்றால் அதில் மிகை கிடையாது.

இரு கோடியிலும் எல்லைக் கம்பங்கள். நடுவே 500 மீட்டர். ஓட்டத்தை அளந்து, 1972-இல் ஏற்பட்ட உலகப் பாய்வேகச் சாதனைக் கவுன்ஸில் ஒப்புக்கொண்டால்தான் அது சாதனை. இரண்டாம் கம்பத்தைத் தாண்டினீர்கள். முடிந்தது பிரயாணம்! மூச்சு வாங்குகிறது. எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பலகையையும் பாயையும் எடுத்துக்கொண்டு கரையோரமாகத் திரும்புகிறீர்கள், மறுபடி ஒரு தரம் ஏறுவதற்கு.

ஒன்பது வருஷமும் ஒரு இமைப்பும்

இதுவரை போனவர்களின் கணக்கைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். 1983-இல் இங்கிலாந்தில் வேமத் துறையில் பிரெட் ஹேவுட் என்ற அமெரிக்கர் 30.82 நாட் போனார். பாய்ப்பலகையில் முப்பதைத் தாண்டியது அதுவே முதல் தடவை. மூன்றே வருஷத்தில், 1986-இல், கானரித் தீவுகளில் ஒன்றான புவர்த்தவெந்தூராவில் பாஸ்கல் மக்கா அதை 38.86 ஆக்கினார். எட்டு நாட் ஏற்றம்! 2005-இல் பிரான்ஸின் ஸாந்த் மாரி வாய்க்காலில் பினியன் மேனார்டு 48.70. லூடரிட்ஸ் வாய்க்காலில் 2012-இல் பிரெஞ்சுக்காரர் அந்துவான் அல்போ 52.05, அதே மனிதர் அதே வாய்க்காலில் 2015 நவம்பரில் 53.27. மணிக்கு 98 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம். நான் முதலில் சொன்ன பதினெட்டு விநாடி அதுதான்.

பெண்கள் சும்மா இருந்தார்களா? லூடரிட்ஸ் வாய்க்காலே அவர்களுடைய போட்டிக்கும் களமாயிற்று. 2012-இல் பிரிட்டனின் ஸாரா டேவிஸ் 45.83 நாட் போனார். 2015-இல் ஸ்விட்ஸர்லாந்தின் கரின் யாகி 46.31 என்று அதை முறியடித்தார். விடுவாரா ஸாரா? மீண்டும் வந்து 2017-இல் 46.49 ஆக்கினார். 2022-இல் இன்னொரு ஸ்விஸ் பெண்மணி ஹைடி உல்ரிக் 47.16 போனார். கிலோமீட்டரில் 87-க்கு மேல். 1983-இல் ஆண்களின் சாதனையாக இருந்ததைவிட இது ஒன்றரை மடங்கு! உடம்பின் கனம் குறைவு என்ற குறையை எதனால் ஈடு செய்தார்கள்? நாம் கரையில் நின்று பார்த்தோமே, அந்தக் கயிற்றினாலும் ஃபினாலும்தான்.

இனி, என்னை இந்தக் கட்டுரை எழுதவைத்த சங்கதிக்கு வருகிறேன். 2015-க்குப் பிறகு அல்போவின் 53.27-ஐ யாரும் அசைக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை. வருஷங்கள் ஓடின. 2024 டிசம்பரில் தெற்குப் பிரான்ஸில் லா பால்ம் என்ற இடத்தில் வெட்டிய வாய்க்காலில், பலத்த காற்றில், அவரே மறுபடி இறங்கினார். அப்போது அவருக்கு வயது 52. அந்த வயதில் நம்மில் பலர் மாடிப்படி ஏறவே யோசிப்போம். அன்று அவர் போனது 53.49 நாட். மணிக்கு 99 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

கூடியது எவ்வளவு? 0.22 நாட். 500 மீட்டருக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், முன்னைவிட மிச்சமான நேரம் ஒரு விநாடியில் நூற்றில் எட்டுப் பங்குகூட இல்லை. கண்ணை ஒரு தரம் இமைப்பதற்கும் இதைவிட அதிக நேரம் ஆகும்!

ஓர் இமைப்புக்குள் அடங்கும் நேரத்துக்காக ஒன்பது வருஷம். இது பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். இதே நமீபியாவில் வால்விஸ் விரிகுடாவில், 2012-இல் பால் லார்ஸன் என்பவர் விசேஷமாகச் செய்த பாய்க்கலம் ஒன்றில் 65.45 நாட் போயிருக்கிறார். வேகம் மட்டுமே வேண்டுமென்றால் பலகையை விட்டு அந்த மாதிரிக் கலத்துக்குப் போய்விடலாம். ஆனால் ஒரு மனிதன் தன் இரண்டு காலில் நின்று, தன் கையால் காற்றைப் பிடித்துக்கொண்டு போவதற்கு ஓர் எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வேறு. தொடக்கத்தில் தாவித் தாவி ஏறலாம். எட்டு நாட் மூன்றே வருஷத்தில் வரும். மேலே போகப் போகத் தாவல் செல்லாது. அங்கே ஒரு விரற்கடைக் கயிறும், ஒரு கீறல் இல்லாத தகடும், காற்று மோதும்போது நிமிர்ந்துவிடாத பழக்கமும்தான் பேசும். பாட்டு வாத்தியாரிடம் பல வருஷம் உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முதல் வருஷத்தில் கீர்த்தனங்கள் மளமளவென்று வரும். ஒரு கமகம் சரியாக விழுவதற்கோ வருஷங்கள் ஆகும்.

சாயங்காலம் ஆகிவிட்டது. லூடரிட்ஸில் காற்று சற்றே தணிகிறது. பாய்களைச் சுருட்டுகிறார்கள். யாரோ ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எதையோ குறித்துக்கொள்கிறார்: கயிறு இத்தனை சென்டிமீட்டர், ஃபின் இன்னது, வேகம் இவ்வளவு. வாய்க்காலின் கரையில் மணல் மெல்லச் சரிந்து தண்ணீரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கோல்மன்ஸ்கோப்பின் கூடங்களுக்குள் நுழைந்த அதே மணல்தான்.

நாம் வீட்டுக்குத் திரும்புவோம். அடுத்த தடவை இங்கே வருகிறவர்கள் முதலில் மண்வெட்டியோடுதான் வர வேண்டியிருக்கும்.